எண்ணெய்த்தோணியில் பதினான்கு நாள்: குலசேகரம் பக்கத்து வைத்தியசாலை ஒன்றைப் பற்றி

சென்ற ஆடி மாதத்தில் 14 நாட்கள் தங்கிச் சிகிச்சை பெற்ற ஓர் ஆயுர்வேத வைத்தியசாலையைப் பற்றி எழுதுகிறேன். வீடு திரும்பிய வாரத்திலேயே எழுதியிருந்தால் இதைவிட இரண்டு மடங்கு புகழ்ந்திருப்பேன். அதற்கடுத்த மாதம் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். ஒன்பது மாதங்கள் கழிந்துவிட்டதால் இப்போது ஓரளவு நிதானமாகச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து திற்பரப்பு அருவிக்குப் போகும் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, பழைய ஓட்டு வீடு ஒன்றையும் அதையொட்டிப் புதிதாகக் கட்டிய 12 அறைகளையும் கொண்ட இடம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

எதற்காகப் போனேன் என்பதைச் சொன்னால்தான் மதிப்பீடு புரியும். எனக்கு வயது 43. மார்த்தாண்டத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாமியார் வாதம் வந்து படுத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது என் பொறுப்பாகவே அமைந்துவிட்டது. மூன்றாவது ஆண்டின் நடுவில், ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி நேரம் உறங்கி எழுந்தாலும் உறங்காததுபோலவே இருக்கத் தொடங்கியது. தலை சீவும்போது கை கனத்துப் பாதியில் இறங்கிவிடும். பேரேட்டில் ஒரே வரியை நான்கு முறை படிப்பேன். சந்தையில் மீன்காரி விலை சொன்ன அடுத்த நொடியில் அது மறந்துபோகும். சோம்பல் என்று வீட்டிலும், கவனக்குறைவு என்று அலுவலகத்திலும் சொன்னார்கள். இரண்டையும் நானே நம்பவும் செய்தேன்.

நாகர்கோவிலில் ஒரு பொதுநல மருத்துவரிடம் போனபோது ஹீமோகுளோபின் 10.2 என்றும் வைட்டமின் பி12 குறைவு என்றும் தெரிந்தது. தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், ஈரல் எல்லாம் சரியாகவே இருந்தன. மூன்று மாதம் மாத்திரையும் ஊசியும் எடுத்த பிறகு ஹீமோகுளோபின் 12க்கு மேல் ஏறியது, மூச்சுவாங்கல் நின்றது, களைப்போ பாதிதான் இறங்கியது. மீதிப் பாதி நீண்ட நாள் மன உளைச்சலாலும் உறக்கம் உடைந்ததாலும் வந்தது, நன்றாக ஓய்வெடுங்கள் என்று அவர் சொன்னார். ஓய்வு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகுதான் வைத்தியசாலைக்கு விசாரித்தேன்.

முதலில் வரவேற்பு மேசையைப் பற்றி. அங்கே இருந்த பையன் என் குறைகளைக் கேட்பதற்கு முன்பே 21 நாள் தொகுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினான். கொடுத்த துண்டறிக்கையில், மன அழுத்தத்தால் ‘அட்ரினல் சுரப்பி களைத்துப்போகிறது’ என்றும், உடலில் தேங்கிய நச்சை வெளியேற்றினால் அது புத்துயிர் பெறும் என்றும் அச்சிட்டிருந்தார்கள். இணையத்தில் பரவலாக உலவும் இந்த ‘அட்ரினல் களைப்பு’ என்ற நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்பதில்லை. அட்ரினல் சுரப்பி மெய்யாகவே செயலிழப்பது அடிசன் நோய் எனப்படும் வேறொரு கடுமையான நோய். அதற்கு வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை தேவைப்படும். கார்ட்டிசால் விடியலில் ஏறி நள்ளிரவில் இறங்கும் ஒழுங்கை மூளைதான் நடத்துகிறது; என்னைப்போல் இரவில் மூன்று முறை எழுந்திருப்பவருக்கு உறக்கமும் விழிப்பும் குழம்பிக்கிடப்பதில் வியப்பில்லை. இதை எண்ணெய் கழுவிவிடும் என்று அச்சிடுவது முறையாகாது. அந்தத் துண்டறிக்கையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பேன். வெளியே கொட்டிய மழைதான் என்னை அங்கேயே உட்காரவைத்தது.

உள்ளே இருந்த மருத்துவர் வேறு வகையானவர். 50 வயது இருக்கும். முறையாக ஆயுர்வேதப் பட்டம் பெற்றவர். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கேள்விகள் கேட்டார். பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தார். குறட்டை உண்டா, உறக்கத்தில் மூச்சு நின்று விழிப்பதுண்டா, தைராய்டு மாத்திரை எடுக்கிறேனா, சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வியை எந்த மருத்துவரும் அதற்கு முன் என்னிடம் கேட்டதில்லை. அப்படித் தோன்றினால் இங்கே வருவதற்கு முன் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, 14416 என்ற, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணையும் சீட்டில் எழுதிக்கொடுத்தார். 21 நாள் தேவையில்லை, 14 நாள் போதும் என்றார். என் எடையும் நாடியும் பார்த்துவிட்டு, நெய் குடித்து வயிறு கழியும் பேதி முறையை எனக்குச் செய்யப்போவதில்லை என்று உறுதியாகச் சொன்னார். “இருக்கிற பெலத்தையும் எடுத்துட்டு என்ன செய்யது?” என்பதுதான் அவர் சொன்ன காரணம். வரவேற்பு மேசையின் தொகுப்பில் பேதியும் ஓர் உருப்படியாக இருந்தது என்பதை இங்கே குறிக்கவேண்டும்.

சிகிச்சையின் நடைமுறை இது. காலை ஆறு மணிக்குக் கஷாயம். ஏழரைக்கு எண்ணெய்த்தோணி எனும் நீண்ட தொட்டியில் படுக்கவைத்து, இரண்டு பெண் பணியாளர்கள் இருபக்கமும் நின்று, சூடான தன்வந்தரம் தைலத்தை ஒரே தாளத்தில் தேய்ப்பார்கள். முதல் ஐந்து நாட்கள் இது மட்டும்தான். ஆறாம் நாளிலிருந்து நவரைக் கிழி: குறுந்தொட்டிக் கஷாயத்திலும் பாலிலும் வேகவைத்த நவரையரிசியைத் துணியில் கட்டி, வெதுவெதுப்பாக உடல் முழுவதும் ஒத்தித் தேய்ப்பது. பத்தாம் நாளிலிருந்து ஐந்து நாள் தாரை. நெல்லிக்காயும் கோரைக்கிழங்கும் சேர்த்துப் பக்குவப்படுத்திய மோர் நெற்றியில் முக்கால் மணி நேரம் இடமும் வலமுமாக ஒழுகிக்கொண்டேயிருக்கும். குளித்து வந்ததும் உச்சந்தலையில் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடியைத் தேய்த்துவிட்ட பிறகுதான் அறைக்கு விடுவார்கள். தேய்ப்பவர்களின் கைத்திறனுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். மூத்தவர் ஒருத்தியின் உள்ளங்கை வெங்காயத்தாமரை இலைபோல் வழுவழுப்பாக இருந்தது. 26 ஆண்டுகளாக எண்ணெயில் ஊறிய கை என்று சிரித்தார். “மக்ளே, ராத்திரி ஒறங்குனியா?” என்று தினமும் காலையில் அவர் கேட்பதற்குப் பதில் சொல்வதற்காகவே நான் உறக்கத்தைக் கவனிக்கத் தொடங்கினேன்.

மாலையில் மூன்று நாட்கள் வர்ம ஆசான் ஒருவர் வந்தார். நம் மாவட்டத்தில் இது புதிதல்ல. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களைக் கணக்குச் சொல்லும் மரபு தெக்கன் களரிகளோடு சேர்ந்தே இங்கே வாழ்கிறது. பிடரியிலும் உள்ளங்காலிலும் அவர் அழுத்திய இடங்கள் என்ன செய்தன என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த மூன்று இரவுகளில் நன்றாக உறங்கினேன். அதற்கு மழையும் காரணமாக இருக்கலாம்.

சாப்பாடு இந்த இடத்தின் பெரிய பலம். காலையில் சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் தேங்காய்த் துவையலும். ஆடி என்பதால் வாரத்தில் மூன்று நாள் உலுவாவும் (வெந்தயம்) மருந்துப் பொடியும் சேர்த்த மருந்துக்கஞ்சி. மலையாளத்தார் கர்க்கடகக் கஞ்சி என்று பாக்கெட்டில் வாங்கிக் காய்ச்சுவதை இங்கே உரலில் இடித்துக் காய்ச்சினார்கள். மதியம் சோறு, மோர்க்கறி, அவியல். நான்கு மணிக்கு இரண்டு மட்டி வாழைப்பழம். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு சந்தையில் அதன் விலையும் எகிறிவிட்டதால் தாராளமாகக் கொடுத்ததைக் குறிப்பிட வேண்டியதாயிற்று. தேயிலையும் காப்பியும் கிடையாது. ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் சாயா குடித்தே அலுவலகத்தில் நின்றவளுக்கு முதல் மூன்று நாட்கள் மண்டையிடி தாங்கமுடியவில்லை. சாயாவிலும் காப்பியிலும் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஐந்து மணிச் சாயா இரவு பத்து மணிக்கும் என்னோடு விழித்திருந்திருக்கிறது என்று மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இப்போது காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, அவ்வளவுதான்.

இனி, நான் மிகவும் சொல்ல விரும்பும் ஐந்தாம் நாள். அன்று காலையில் உடல் இலேசாக இருந்தது. இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாகத் தலை தெளிந்திருந்தது. மழை விட்டு வெயில் அடித்தது. மழைமறைப்புக் கட்டிய ரப்பர் மரங்களுக்கு இடையே நடந்து, கால்வாய்க் கரை வரை போய், அங்கிருந்து கடைத்தெரு வரைக்கும் போய்த் திரும்பினேன். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். குணமாகிவிட்டேன் என்று கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. தொண்டை கனத்தது, தசையெல்லாம் நொந்தது, வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அதற்கு மறுநாளும் அப்படியே. எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மருத்துவரோ எண்ணெயைப் பற்றிப் பேசாமல், நேற்று முன்தினம் என்ன செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. சிகிச்சைத் தாளின் பின்புறத்தில் ஒரு கோடு இழுத்து, நல்ல நாளில் ஏறிக் கெட்ட நாளில் விழும் அலையை வரைந்தார். வருகிற வாரம் தினமும் பத்து நிமிடம் மட்டுமே நடக்க வேண்டும். உடம்பு நன்றாக இருந்தாலும் பத்துதான், மோசமாக இருந்தால் ஐந்து. முடியும் என்று தோன்றுகிற அளவில் பாதியில் நிறுத்தவேண்டும் என்றார். ஒரு வாரம் அலை தணிந்தால் மட்டும் இரண்டு நிமிடம் கூட்டலாம்.

இந்த ஒரு தாள் அந்த 14 நாட்களின் எல்லாத் தைலத்தையும்விட எனக்கு உதவியது. களைத்தவர்கள் சோம்பேறிகளாக இருப்பதில்லை. நல்ல நாள் வந்ததும் ஒரு மாதத்து வேலையை அன்றே முடிக்கப் பார்ப்பவர்களாகவே பெரும்பாலும் இருக்கிறார்கள். அந்த வாரமே வைத்தியசாலையில் என்னோடு இருந்த ஆசிரியை ஒருவருக்கும் இதே கதைதான். சிறிய வேலைக்குப் பின்னும் மறுநாள் படுத்துவிடும் இந்தத் தன்மை பல மாதங்கள் மாறாமல் நீடித்தால், அது நாள்பட்ட களைப்பு நோய் என்ற தனி நோயாக இருக்கலாம் என்றும், அப்போது நரம்பியல் அல்லது பொதுநல மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும் என்றும் மருத்துவர் எச்சரித்தார். அந்நோயாளிகளுக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் பழைய முறையை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2021ல் கைவிட்டுவிட்டது என்பதைப் பின்னால் படித்தபோது, ஐந்தாம் நாள் நான் நடந்த நடை எவ்வளவு முட்டாள்தனம் என்று புரிந்தது. என் அலை மூன்று மாதத்தில் தணிந்தது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று எழுத மாட்டேன்.

இரண்டாவது நன்மையும் விலைப்பட்டியலில் இல்லாதது. பன்னிரண்டாம் நாள் கணவரை நேரில் வரச்சொன்னார் மருத்துவர். இரவில் எத்தனை முறை யார் எழுகிறார்கள் என்று கேட்டார். கணவர் பேசாமல் இருந்தார். வாரத்தில் நான்கு இரவு கணவரும் மகனும், இரண்டு இரவு கூலிக்கு ஆள், ஒரு இரவு மட்டும் நான் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதி, கீழே கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். “இதும் மருந்துதான், ரெண்டு நேரம் கஷாயம் மாதிரி தவறக்கூடாது” என்றார். நான்கு ஆண்டுகளாக நான் கேட்டுக் கிடைக்காததை ஒரு முத்திரை வாங்கிக்கொடுத்தது. என் வார்த்தைக்கு இல்லாத எடை முத்திரைக்கு இருந்ததை நினைத்து எனக்கு இன்றும் சிறிது கோபம் உண்டு. ஆனாலும் அந்தச் சீட்டு எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இப்போதும் ஒட்டியிருக்கிறது.

அலுவலகத்துக்குக் கொடுத்த சான்றிதழிலும் அவர் நேர்மையாக நடந்துகொண்டார். வேலைச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019ல் வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது. நோய் என்று வகைப்படுத்தவில்லை. அதனால் இல்லாத நோய்ப் பெயரை எழுதாமல், உறக்கக் குறைவும் உடற்சோர்வும் உள்ளதால் ஒரு மாத ஓய்வும், அதன்பின் இரண்டு மாதம் அரைநாள் வேலையும் தேவை என்று எழுதினார். மேலாளர் முகம் சுளித்தார். ஒரு மாதத்தை ஊதியமில்லா விடுப்பாக்கினார். அரைநாள் வேலைக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

குறைகளுக்கு வருகிறேன். நாள் ஒன்றுக்கு 2,800 ரூபாய் வீதம் 14 நாளுக்கு 39,200 என்று சொல்லியிருந்தார்கள். புறப்படும்போது வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்துக்கு 3,640 ரூபாய் தனியாகச் சேர்த்தார்கள். முன்கூட்டி ஒருவரும் சொல்லவில்லை. பட்டியலில் அமுக்கரா லேகியம் இரண்டு போத்தல் இருந்தது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் ஈரல் கோளாறு உள்ளவர்களும் அமுக்கராவை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது. எனக்கு அந்தக் கோளாறுகள் இல்லை என்பதால் மருத்துவர் ஒரு போத்தல்தான் எழுதியிருந்தார். மற்றொன்றை மருந்துக்கடைப் பையன் சேர்த்திருக்கிறான். சீட்டையும் ரசீதையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். கணக்குப் பிரிவில் இருந்ததன் ஒரே பயன். தேசியத் தரச் சான்று இல்லாத இடம் என்று காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. இதை முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டியது நான்தான்.

அமைதி வேண்டி வருகிறவர்களுக்கு இன்னொன்று. புதிய அறைகளுக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு மண்டபம் உண்டு. எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் இரவு பதினொன்று வரை ஒலிபெருக்கி. வரவேற்பு அறையில் தொலைக்காட்சி நாள் முழுவதும் அலறும். நோயாளிகளின் கைபேசியை மாலை ஆறுக்கு வாங்கிவைக்கிறார்கள், நல்லது. பணியாளர்களின் கைபேசிகள் தாரை அறைக்குள்ளேயே ஒலிக்கின்றன. நெற்றியில் மோர் ஒழுகும்போது ஒருவர் சிட்பண்ட் தவணையைப் பற்றிச் சத்தமாகப் பேசியதை முக்கால் மணி நேரமும் கேட்டேன். பணக்கணக்கு என்னை விட்டபாடில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வாசலைத் தாண்டியதும் உறவு முடிந்துவிடுவதுதான். பத்திய நாட்கள் 14 என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பகல் உறக்கம் கூடாது, குளிர்ந்த நீர் கூடாது, மீன் கூடாது. களைப்பு திரும்பினால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை. ஐந்தாம் வாரத்தில் எனக்குத் திரும்பியது. அலுவலகத்தின் அரையாண்டுக் கணக்கு நெருங்கிய நாட்கள். பத்து நிமிட நடையை மறந்து, இரண்டு இரவுகளை எனக்கே மாற்றிக்கொண்டேன். வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் பேசியபோது வரவேற்புப் பையன் ஏழு நாள் ‘புத்துணர்வுத் தொகுப்பு’ ஒன்றைச் சொன்னான். மருத்துவரிடம் பேச நான்கு நாட்கள் ஆயின. பேசியதும் அவர் பணம் கேட்கவில்லை, வரவும் சொல்லவில்லை. பழைய தாளை எடுத்து ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கு என்றார். சிகிச்சைக்குப் பின் மாதம் ஒருமுறை அவரைப் பார்ப்பதைக் கட்டணத்தோடு சேர்த்தே வைத்திருந்தால் நான் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பேன். இப்போது உள்ள ஏற்பாட்டில், அந்த ஒரு மனிதர் வேறிடம் போய்விட்டால் மிஞ்சுவது நல்ல எண்ணெயும் நல்ல கஞ்சியும் மட்டுமே; அதற்கு 39,200 ரூபாய் அதிகம்.

இன்றைய நிலை: இருபத்தைந்து நிமிடம் நடக்கிறேன். முழுநாள் வேலை செய்கிறேன், மாதக் கடைசியிலும் ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறேன். பழைய தெம்பில் முக்கால் பங்கு வந்திருக்கும். அதில் வைத்தியசாலையின் பங்கு எவ்வளவு, கூலிக்கு வரும் அக்காவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லக் கேட்டால், அக்காவுக்கே கூடுதலாகக் கொடுப்பேன்.

போக நினைப்பவர்கள் இரத்தப் பரிசோதனைகளை முடித்துவிட்டுத் தாள்களோடு போகவும். இந்த வைத்தியசாலையில் ஆடி மாதத்துக்கு வைகாசியிலேயே அறை சொல்லிவைக்க வேண்டும். பழைய ஓட்டு வீட்டுப் பக்கத்து அறையாகக் கேட்டால் மண்டபச் சத்தம் குறையும். பேதி செய்தே ஆக வேண்டும் என்று வரவேற்பில் சொன்னால் மருத்துவரைப் பார்த்த பிறகு பேசுவோம் என்று சொல்லிவிடவும். பழைய நைட்டி நான்கைந்து கொண்டுபோகவும். அந்த எண்ணெய்க் கறை எந்தச் சோப்புக்கும் போகாது.